அம்மன் முகம் எங்கே? ‘பிரதிமா விசர்ஜன்’ ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடக்கிறது. நான் அங்கே சொல்லிக் கொடுக்கிறேன். ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் முன்பே மண்டபச் சுவரில் ஒரு வங்காள ஓவியத்தின் அச்சுப் பிரதியை மாட்டினோம். பிள்ளைகள், அவர்களைக் கூட்டி வரும் பெற்றோர், அன்னதானத்துக்கு வரும் பெரியவர்கள் என்று எல்லாரும் நின்று பார்த்தார்கள். பார்த்தவர்கள் கேட்கவும் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

இது என்ன படம்? யார் வரைந்தது?

ககனேந்திரநாத் தாகூர் 1915 வாக்கில் நீர்வண்ணத்தில் வரைந்த ‘பிரதிமா விசர்ஜன்’. கல்கத்தாவில் துர்க்கை பூசை முடிந்து, அம்மன் சிலையைத் தண்ணீரில் விட ஊர்வலமாகக் கொண்டுபோகும் இரவுக் காட்சி.

தாகூர் என்றால் நோபல் பரிசு வாங்கியவரா?

அவர் இல்லை, அவருக்கு அண்ணன் மகன் முறை. ரவீந்திரநாத் பிறந்தது 1861, ககனேந்திரநாத் பிறந்தது 1867. சித்தப்பாவுக்கும் மகனுக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். ரவீந்திரநாத் தன் இளமை நினைவுகளை 1912-ல் நூலாக வெளியிட்டபோது அதற்குப் படம் போட்டவர் இவர்தான். தம்பி அவனீந்திரநாத், வங்காள ஓவியப் பாணிக்கு வழி திறந்தவர். தங்கை சுனயனி தேவியும் ஓவியர். கல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதியில் இருந்த அவர்கள் வீட்டின் தெற்கு வராந்தாவில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து வரைவார்கள். 1938-ல் ககனேந்திரநாத் காலமானார். அந்த வீடும் பின்னாளில் கைமாறி இடிக்கப்பட்டுவிட்டது.

அம்மன் படம் என்கிறீர்கள். அம்மன் முகமே தெரியவில்லையே?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். சிலருக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. கோயிலில் மாட்டுகிற படத்தில் சாமி முகம் தெரிய வேண்டாமா என்ற கேள்வி நியாயமானதுதான்.

படத்தின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். முதலில் இருட்டு தெரியும். அப்புறம் அந்த இருட்டுக்கு நடுவே மஞ்சளும் செம்மஞ்சளுமாக ஒரு வெளிச்சம். அதற்கு அப்புறம்தான் இருட்டின் கீழ்ப்பகுதி முழுக்க மனிதர்கள் என்பது பிடிபடும். யாருக்கும் கண், மூக்கு கிடையாது. தலையும் தோளும் மட்டும். வெளிச்சம் எங்கே திரண்டு நிற்கிறதோ அங்கே சிலை போகிறது என்று நாமாகப் புரிந்துகொள்கிறோம்.

ஓவியர் எங்கே நிற்கிறார் என்று யோசியுங்கள். சிலையைச் சுமப்பவர்களோடும் இல்லை, பூசாரியோடும் இல்லை. கூட்டத்துக்கு வெளியே, தள்ளி நிற்கிறார். திருவிழாவுக்குப் போகிற பெரும்பாலானவர்கள் அங்கேதானே நிற்கிறோம்? தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக்குப் போனால் ரதத்தில் இருக்கும் முருகனை எத்தனை பேரால் கிட்டத்தில் பார்க்க முடிகிறது? முன்னால் இருப்பவரின் தலை, யாரோ தோளில் தூக்கி வைத்த குழந்தை, மேளச் சத்தம், தூரத்தில் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அந்தக் கும்பிடு குறைந்ததில்லை. இந்த ஓவியம் அந்த இடத்திலிருந்து வரையப்பட்டது. இதை இந்த மண்டபத்தில் மாட்ட வேண்டும் என்று நான் விடாப்பிடியாக நின்றதற்குக் காரணமும் அதுவே.

கருவறை அம்மன் பத்தடி தூரத்தில் முகம் காட்டிக்கொண்டு இருக்கிறாள். படத்திலும் அதையே காட்ட வேண்டும் என்பதில்லை.

துர்க்கை பூசை என்பது நம் நவராத்திரிதானா?

நாட்கள் அதே நாட்கள், கொண்டாடும் விதம் வேறு. நாம் கொலு வைக்கிறோம், ஒன்பது நாளும் அம்மனுக்கு அலங்காரம் மாற்றுகிறோம். பத்தாம் நாள் விஜயதசமியன்று இங்கே பல கோயில்களில் அம்பு போடுகிறார்கள். வங்காளத்தில் சஷ்டி முதல் தசமி வரை ஐந்து நாட்கள் அமர்க்களப்படும். மூங்கிலாலும் வைக்கோலாலும் சட்டம் கட்டி, அதன்மேல் ஆற்று மண் பூசி, காய வைத்து, வண்ணம் தீட்டி அம்மனைச் செய்வார்கள். இந்த வேலைக்கென்றே வட கல்கத்தாவில் குமார்துலி என்று ஒரு குயவர் பேட்டை இருக்கிறது. கண்ணைக் கடைசியாகத்தான் வரைவார்கள். நம் சிற்பிகள் கண் திறப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது போலத்தான் இதுவும். கல்கத்தாவின் துர்க்கை பூசையை 2021-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. வங்காளத்தில் துர்க்கை தனியாக வரமாட்டாள். லட்சுமி, சரஸ்வதி, பிள்ளையார், மயிலோடு முருகன் என்று நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கயிலாயத்திலிருந்து தாய் வீட்டுக்கு வருகிறாள் என்பது அங்குள்ள நம்பிக்கை. பத்துமலையில் வேலோடு ஓங்கி நிற்கும் நம் முருகன் அங்கே அம்மா பக்கத்தில் நிற்கும் பிள்ளை.

செய்த சாமியைத் தண்ணீரில் போடுவது அபசகுனம் இல்லையா?

இல்லை. தாய் வீட்டுக்கு வந்த மகள் புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாள், அவ்வளவுதான். பெண்கள் அவள் வாயில் இனிப்பு ஊட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து வழியனுப்புகிறார்கள். ஆற்று மண் ஆற்றுக்கே போகிறது. நம் திருவிழா முடிவில் முளைப்பாரியையும் கரகத்தையும் ஆற்றில் விடுகிறோமே, அப்போது யாரும் அபசகுனம் என்று சொல்வதில்லை. கரகம் போகும்போது ஒப்பாரி மாதிரி குரலெடுத்துப் பாடும் பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஊர்வலத்தில் எவ்வளவு கொட்டும் வெளிச்சமும் இருந்தாலும் அது பிரிவுதான். ககனேந்திரநாத் இருட்டுக்கு இவ்வளவு இடம் கொடுத்ததை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

எங்கள் வீட்டுக் காலண்டர் சாமி படம் இதைவிட அழகாக இருக்கிறதே?

அழகாகத்தான் இருக்கிறது. அதைக் கழற்றச் சொல்லவில்லை.

அந்தப் படங்களுக்கும் வரலாறு உண்டு. ரவி வர்மா 1894-ல் பம்பாய்ப் பக்கத்தில் அச்சகம் வைத்துச் சாமி படங்களை ஆயிரக்கணக்கில் அடித்து விற்ற பிறகுதான், கோயிலுக்குள் போக விடாமல் தடுக்கப்பட்டவர்கள் வீட்டிலும் லட்சுமியும் சரஸ்வதியும் சுவரேறினார்கள். தமிழ்நாட்டில் கோவில்பட்டி கொண்டய்ய ராஜுவும் அவர் சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர்கள் கடல் தாண்டியும் வந்தன. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீட்டின் பலகைச் சுவரில், சமையல் புகை படிந்து, ஊதுபத்தி செருகி வைத்த அந்தப் படம்தான் பல குடும்பங்களுக்குப் பூசையறை. வருசம் முடிந்தாலும் தேதித்தாளை மட்டும் கிழித்துவிட்டுச் சாமியை வைத்துக்கொள்வார்கள்.

காலண்டரில் சாமி நம்மைப் பார்க்கிறார். நாம் கும்பிடுவதற்காக வரைந்த படம் அது. ககனேந்திரநாத்தின் படம் கும்பிடுகிறவர்களைப் பார்க்கிறது. இரண்டுக்கும் வேலை வேறு, அதனால் ஒன்றோடு ஒன்றை நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

நூறு வருசத்துக்கு முந்தைய படத்தை ஏன் நவீன ஓவியம் என்கிறீர்கள்?

சாமி கதையை விட்டுவிட்டு, சாமி கும்பிடும் ஊரை வரைந்ததால். வெளிச்சத்தையே கதாநாயகனாக்கியதால். இவர் இதோடு நிற்கவும் இல்லை. 1917-லிருந்து கேலிச்சித்திரத் தொகுப்புகள் போட்டு, வெள்ளைக்காரனைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பணக்காரர்களையும் போலிப் பக்தர்களையும் கிழித்தார். 1920-களில், உருவங்களைக் கோண வடிவத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிச முறையைக் கையிலெடுத்து, மாடிப்படிகளும் வெளிச்சத் துண்டுகளுமாக ஒரு தனி உலகம் செய்தார். 1922 டிசம்பரில் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி ஓவியர்களின் படங்கள் கல்கத்தாவுக்கு வந்தபோது, அதே கண்காட்சியில் இவர் படங்களும் இருந்தன.

இவ்வளவு இருட்டை நீர்வண்ணத்தில் எப்படிக் கொண்டுவந்தார்?

1903-ல் யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இரண்டு ஜப்பானிய ஓவியர்கள் கல்கத்தா வந்து தாகூர் குடும்பத்தோடு பழகினார்கள். ஈரத் தூரிகையால் நிறத்தை மங்க வைத்துப் பரப்பும் அவர்களுடைய முறையைப் பார்த்துத்தான் அவனீந்திரநாத் தன் வாஷ் முறையைச் செய்துகொண்டார். ஓவியத்தை வரைந்து, காய வைத்து, தாளோடு தண்ணீரில் முக்கி எடுத்து, மறுபடி வண்ணம் ஏற்றுவார். இப்படிப் பல சுற்று. அண்ணனுக்கும் இந்தக் கைப்பழக்கம் வந்தது. கறுப்பு மையைத் தூரிகையால் கையாளுவதிலும் அவர் தேர்ந்தவர்.

நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது வண்ணமே அல்ல. தாளின் வெள்ளை. அதை விட்டு வைக்க வேண்டும். மேலே ஒரு தடவை இருட்டைப் பூசிவிட்டால் பழைய வெளிச்சம் திரும்பாது. தீப்பந்தம் எங்கே எரியப்போகிறது என்பதை முதல் தூரிகை படுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

தமிழ் ஓவியர் யாரும் கிடைக்கவில்லையா? வங்காளத்துக்கு ஏன் போனீர்கள்?

இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருக்குச் சொன்னதையே சொல்கிறேன். சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஒரு வங்காளி, அவனீந்திரநாத்தின் மாணவர். 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அவரிடம் படித்தவர்தான் கே.சி.எஸ். பணிக்கர். பணிக்கர் தலைமையில் சென்னை ஓவியர்கள் 1966-ல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். ஜோராசாங்கோ வராந்தாவிலிருந்து சென்னைக் கடற்கரை வரை ஒரே கொடிதான் படர்ந்திருக்கிறது.

சோழமண்டல ஓவியர்களையும் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் போகிறேன். ஆடித் திருவிழாத் தீமிதிக்கு முன்னால் இந்தப் படம் தேவைப்பட்டது.

நம் தீமிதியை இதே மாதிரி வரைய முடியுமா?

முடியும். வகுப்பின் நோக்கமே அதுதான். நம் திருவிழாவில் இந்த ஓவியருக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது, தரையிலிருந்து வரும் வெளிச்சம்.

தீக்குழியில் கட்டை எரிந்து அடங்கியதும், நீள மூங்கில் கழியால் தணலைப் பரப்பிச் சமப்படுத்துபவர்களைக் கவனியுங்கள். நனைத்த துண்டைத் தலையோடு சேர்த்து முகத்தில் சுற்றியிருப்பார்கள். சூடு தாங்காமல் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி இழுப்பார்கள். அப்போது தாடையின் அடிப்பக்கமும் மூக்கின் அடிப்பக்கமும் சிவந்து தெரியும். நெற்றி இருண்டிருக்கும். பகலில் பார்க்கும் முகத்துக்கு நேர்மாறு. இந்த ஒன்றை மட்டும் சரியாகப் போட்டுவிட்டால், குழியையே வரையாவிட்டாலும் பார்ப்பவருக்கு நெருப்பு தெரிந்துவிடும். உறுமி அடிப்பவரின் கை, காப்புக் கட்டிய மணிக்கட்டு, குழி முடிவில் இருக்கும் பால்குழியில் மின்னும் வெளிச்சம் எல்லாம் அதற்கு அப்புறம்.

செய்முறை இது. தாளை அட்டையில் நான்கு பக்கமும் ஒட்டுங்கள். தணல் பொறி வரவேண்டிய இடத்தில் வெள்ளை மெழுகுவர்த்தியை லேசாகத் தேயுங்கள். மெழுகு பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாது. தாள் முழுக்கத் தண்ணீர் தடவி, நெருப்பைச் சுற்றி வெளிர் மஞ்சள் விடுங்கள். அது காய்வதற்குள் வெளிவட்டத்தில் செம்மஞ்சள். இரண்டும் தானாகக் கலக்கட்டும், தூரிகையால் தேய்க்காதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஓரங்களிலிருந்து உள்நோக்கி இருட்டைக் கொண்டு வாருங்கள். கறுப்பு டியூபைத் தொட வேண்டாம், அது செத்த இருட்டைத்தான் தரும். கருநீலமும் அடர்பழுப்பும் கலந்தால் உயிருள்ள இருட்டு வரும். கடைசியில், அதே கலவையைக் கெட்டியாக எடுத்து, முன்வரிசைக் கூட்டத்தின் தலையையும் தோளையும் மட்டும் வையுங்கள். ஒருவர் தலையில் பூ, ஒருவர் தோளில் பிள்ளை. போதும்.

மழைக்காலத்தில் ஒரு சுற்று காய ரொம்ப நேரம் ஆகும். மின்விசிறியடியில் வையுங்கள். அவசரப்பட்டு அடுத்த வண்ணத்தை ஏற்றினால் எல்லாம் சேறாகிவிடும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத் தாள், ஆறு நிறங்கள், ஒரு பட்டைத் தூரிகை, ஒரு கூர்த் தூரிகை. பள்ளிக்கூட வரைதாள் இந்த முறைக்குத் தாங்காது, கிழிந்துவிடும். தாளில் சிக்கனம் வேண்டாம், வண்ணத்தில் சிக்கனமாக இருக்கலாம்.

கைப்பேசியில் படம் எடுத்து, அதைப் பார்த்து வரையலாமா?

நினைவுக்கு உதவியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் காலத்துக் கைப்பேசி இரவைப் பகலாக்கிவிடுகிறது. இருட்டில் இருந்த பந்தல் கம்பு, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் துல்லியமாகத் தெரியும். கண் பார்த்தது அது இல்லை. அங்கேயே சின்ன நோட்டில் பென்சிலால் மூன்று கோடு போட்டுக்கொண்டு வந்தால் அதில் அதிகம் கிடைக்கும்.

அருள் வந்து ஆடுபவர்களின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டாதீர்கள். அவர்கள் அந்த நேரம் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை. ககனேந்திரநாத்தைப் போல முகம் இல்லாமல் வரைவதில் இந்த மரியாதையும் சேர்ந்து கிடைக்கிறது.

கோயில் நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். குழியைச் சுற்றிப் போடும் வெள்ளை விளக்குகளைத் தீமிதி நேரத்தில் பாதியாவது அணைத்து வைத்தால், நெருப்பு தன் வெளிச்சத்தைத் தானே காட்டும்.

இந்தப் படத்தை அச்செடுத்து வீட்டில் மாட்டலாமா?

தாராளமாக. மலேசியச் சட்டப்படி ஓவியர் இறந்து 50 ஆண்டுகளும், இந்தியச் சட்டப்படி 60 ஆண்டுகளும் ஆனால் பதிப்புரிமை முடிந்துவிடும். இவர் காலமானது 1938. வழவழ தாளில் அடிக்காதீர்கள், இருட்டான படத்தில் விளக்கு பிரதிபலித்து எதுவும் தெரியாது. கண்ணாடி போட்டால் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும்.

மூலப் படத்தை யாராவது வாங்கி மலேசியாவுக்குக் கொண்டுவர முடியுமா?

முடியாது. ரவி வர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ், தாகூர்கள் மூவர் உள்பட ஒன்பது ஓவியர்களின் படைப்புகளை 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்தியா தேசியக் கலைச்செல்வமாக அறிவித்திருக்கிறது. தனியார் வாங்கலாம், ஆனால் நாட்டை விட்டு எடுத்துப் போக முடியாது.

எங்கள் தோட்டமே இப்போது இல்லை. கோயிலையும் இடம் மாற்றிவிட்டார்கள். எதைப் பார்த்து வரைவது?

இந்தக் கேள்வியைப் பெரியவர்கள்தான் கேட்டார்கள், அதுவும் மெதுவாக.

பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற ‘தோட்டத் துண்டாடல்’ நடந்த காலத்தில், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளின் காசைச் சேர்த்தே தோட்டங்களை வாங்க வைத்தார். அப்படிக் காப்பாற்றப்பட்டவை போக, எத்தனையோ தோட்டங்கள் கைமாறின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் என்ற வீடமைப்புப் பகுதி வந்தது. லயத்தை இடித்தபோது சனங்கள் பிரிந்து போனார்கள். ஆனாலும் ஆடியில் காப்புக் கட்டினால் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் அந்தப் பழைய கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

அந்தத் திருவிழாக்களை வரைந்தவர்கள் மிகக் குறைவு. கல்யாணப் படங்கள் இருக்கும், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கும் படம் இருக்கும், இரவுத் திருவிழாவை எடுக்கும் அளவுக்கு யாரிடம் கேமரா இருந்தது? அது இப்போது உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. கேஸ் விளக்கு எந்தப் பக்கம் தொங்கியது, கரகம் எந்த லயத்து வழியாக வந்தது, வேலையை மேற்பார்வை பார்த்த தண்டல் வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நின்றது, ஆற்றுக்கு இறங்கும் மண்பாதை எந்தப் பக்கம். முகங்கள் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. இந்தப் படத்திலும் முகங்கள் இல்லை. வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள், பிள்ளைகள் அங்கிருந்து தொடங்குவார்கள்.

பெரியவர்களும் வகுப்புக்கு வரலாமா?

வரவேண்டும். தூரிகை பிடிக்காவிட்டாலும் வாருங்கள். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் தொடங்குகிறோம், தாளும் வண்ணமும் மண்டபத்திலேயே இருக்கின்றன. பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தோட்டத்தின் வரைபடத்தைப் பென்சிலால் போட்டுக் கொடுங்கள். கோயில், குழி, கிணறு, லயம், ஆறு, இந்த ஐந்தும் போதும்.